ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: கடையின் அளவுகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது மாறலாமா?

பழைய வண்ணை தையல் | சனி இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், ஜி.ஏ. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மிஷின் இரண்டு, ஓவர்லாக் ஒன்று, உதவிக்கு ஒரு பெண். எட்டு வருடமாக ஆண்ட்ராய்டு போன்தான். போன வாரம் என் தம்பி புதுப் போன் எடுத்துக்கொண்டு, தன்னுடைய ஐபோன் 13ஐ என் கையில் கொடுத்துவிட்டான். "போட்டோ நல்லா வரும்க்கா, கடைக்கு வச்சுக்கோ" என்றான்.

போட்டோ உண்மையிலேயே நன்றாக வருகிறது. மயில்கழுத்து நிறப் பட்டை என் பழைய போன் எப்போதும் வெறும் நீலமாகத்தான் காட்டும். இதில் அந்தப் பச்சைச் சாயல் அப்படியே விழுகிறது. ஒவ்வொரு புடவையையும் தூக்கிக்கொண்டு எம்.சி. ரோடு போக முடியாது. போட்டோவைக் காட்டித்தான் லைனிங்கும் நூலும் வாங்குகிறேன். நிறம் தப்பினால் திரும்ப ஒரு நடை.

ஆனாலும் மாறப் பயமாக இருக்கிறது. நானூறு பேருக்கு மேல் அளவு என் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் நோட்டில்தான் எழுதுவேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குக் கடைக்குள் தண்ணீர் ஏறி, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த மூன்று நோட்டும் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. அதற்கப்புறம் நோட்டையே விட்டுவிட்டேன். யார் அளவு கொடுத்தாலும் அவர்களுடைய வாட்ஸ்அப்பிலேயே குரல்பதிவாகப் போட்டுவிடுவேன். இன்ச் டேப் கையில் இருக்கும்போது எழுத முடியாது, பேச முடியும். "மார்பு 36, இடுப்பு 31, ஷோல்டர் 14, கை நீளம் 10" என்று சொல்லிக்கொண்டே போவேன். கூடவே அளவு பிளவுஸின் போட்டோவும் இருக்கும்.

பழைய போனின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜ் மதியத்துக்கு மேல் தாங்குவதில்லை. அதனால் யோசிக்க நாள் அதிகம் இல்லை.

மாறியவர்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப் முழுசாக வருமா? ஜிபே என்ன ஆகும்? கடை நம்பர், வீட்டு நம்பர் என்று என்னிடம் இரண்டு சிம். ஐபோனில் ஒரு சிம் தட்டுதான் இருக்கிறது. அப்புறம், இரண்டு பக்கமும் பார்த்தவர்கள் எந்த ஆப்பை விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசை.


தண்டை சர்வீஸ் | சனி இரவு 9.41

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். பின்மூடி தூக்கியிருக்கிறது என்றால் உள்ளே பேட்டரி ஊதியிருக்கிறது. இன்று இரவு அதை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மூடியை விரலால் அழுத்தி உட்கார வைக்கவும் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்துதான் அப்படி எழும்பும். குத்துப்பட்டாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கும். துணிக்கடை, தையல்கடை என்றால் சுற்றி எல்லாமே பற்றிக்கொள்ளும் சாமான். பேட்டரி மாற்றும்வரை சார்ஜே போடாதீர்கள்.


பழைய வண்ணை தையல் | சனி இரவு 9.48

அண்ணே, இப்போதே எடுத்து அணைத்துச் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டேன். இவ்வளவு நாள் தலைமாட்டில் வைத்திருந்தேன். மிகவும் நன்றி.


காசிமேடு கரை | சனி இரவு 10.05

நான் ஆண்ட்ராய்டைவிட்டுப் போகமாட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது விசைப்படகு. கடலுக்குப் போகும் போன் உப்புக் கையில் புரளும், ஐஸ் பெட்டி மேல் கிடக்கும், ஒரு நாள் கைதவறித் தண்ணீருக்குப் போகும். அந்த ஐபோன் 13க்கும் தண்ணீர்ப் பாதுகாப்பு தரச்சான்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி கிடையாது என்று அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. எனக்குப் போனால் மறுநாளே இன்னொன்று வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும். அது ஆண்ட்ராய்டில்தான் கிடைக்கும்.

ஆப் என்று கேட்டால், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப்பைத்தான் முதலில் சொல்வேன். தமிழிலேயே இருக்கிறது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கூடும் இடம், எல்லை நெருங்கினால் எச்சரிக்கை, எல்லாம் அதில் உண்டு. அதோடு காற்றும் வானிலையும் காட்டும் விண்டி ஆப்பையும் பார்ப்பேன். இரண்டிலும் காற்று ஒரே மாதிரி இருந்தால் நம்பிக்கிளம்பலாம். வேறு மாதிரி காட்டினால் அப்பாவைக் கேட்போம். அவர் கரையில் நின்று பார்த்துச் சொல்வதை எந்த ஆப்பும் இன்னும் மிஞ்சவில்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். கரையிலிருந்து தள்ளிப் போனால் டவர் கிடைக்காது, ஆனால் ஜிபிஎஸ் வேலை செய்யும். அதற்கு சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். அதனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கும் ஆப்பாகப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆர்கானிக் மேப்ஸ் அப்படிப்பட்டது. அது ஐபோனிலும் உண்டு.

அக்கா கடையில் உட்கார்ந்து வேலை செய்பவர். என் காரணம் அவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் கையில் கொடுத்த போன் இலவசம் என்று மட்டும் எண்ண வேண்டாம். நாளைக்கு அதன் கண்ணாடி உடைந்தால் செலவு யாருடையது?


விம்கோ நகர் பயணி | சனி இரவு 10.32

நான் மூன்று வருடத்துக்கு முன் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வந்தவள். திருவொற்றியூரில் வீடு, அண்ணா சாலையில் வேலை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு அப்பால் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து தினமும் அதில்தான் போய் வருகிறேன். வாட்ஸ்அப், ஜிபே இரண்டும் நின்றால் என் நாளே நின்றுவிடும். அதனால் சிஸ்டர் கேட்ட பணம், சிம் இரண்டுக்கும் நான் பட்டதைச் சொல்கிறேன்.

யுபிஐ என்பது உங்கள் வங்கிக் கணக்கு, உங்கள் சிம், உங்கள் போன் மூன்றையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு. போன் மாறினால் முடிச்சு அவிழும், மறுபடி போட வேண்டும். பணம் எங்கும் போகாது, பின் நம்பரும் பழையதே இருக்கும். மறுபடி கட்டும்போது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வங்கிப் பக்கம் போக வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆப்பே அனுப்பிக்கொள்ளும். ஐபோனில் அப்படி விடமாட்டார்கள். செய்தி திறந்து நிற்கும், நீங்கள்தான் அனுப்பு என்பதைத் தொட வேண்டும். அதில் உள்ள எழுத்துகளில் ஒன்றைக்கூட மாற்றாமல் அனுப்புங்கள்.

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இதற்கப்புறம்தான் வந்தது. புதுப் போனில் பதிந்த பிறகு, பாதுகாப்புக்காகப் பல வங்கிகளில் 5,000 ரூபாய் வரம்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரத்துக்கு, ஐபோனில் முதல் 72 மணி நேரத்துக்கு. எனக்கு வாடகை கொடுக்க வேண்டிய நாள் அது. வங்கிக்குப் போன் செய்தால் "சர்வர் பிரச்சினை, மறுபடி முயலுங்கள்" என்றார்கள். இரண்டு நாள் முயன்றேன். வரம்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேரே போய்ப் பணமாக எடுத்துக் கொடுத்திருப்பேன். வரும் பணத்துக்கு இந்த வரம்பு கிடையாது, கடைக்கு அது ஆறுதல். ஆனால் நீங்கள் சரக்கு எடுக்கும் நாளுக்கு முன்னால் மாறாதீர்கள்.

சிம் விஷயம். ஐபோன் 13இல் ஒரு நானோ சிம்மும், கூடவே இசிம்மும் (தட்டில் போடாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வைக்கலாம். அதனால் இரண்டு நம்பரும் ஓடும். ஆனால் ஒன்றை இசிம்மாக மாற்றினால் அது சிம் மாற்றிய கணக்கில் வரும். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் அந்த நம்பரில் எஸ்எம்எஸ் போகாது, வராது. சிம் திருட்டைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022இல் கொண்டுவந்த ஏற்பாடு. எஸ்எம்எஸ் இல்லையென்றால் ஓடிபி இல்லை, யுபிஐ பதிவும் இல்லை. வங்கியோடு சேர்ந்த நம்பர் எதுவோ அதைப் பிளாஸ்டிக் சிம்மாகவே விட்டுவிட்டு, மற்றதை இசிம் ஆக்குங்கள்.

காசிமேடு அண்ணன் சொன்ன செலவுக் கணக்கு சரிதான். அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021இல்கூடப் புதிய ஐஓஎஸ், அதாவது ஐபோனை இயக்கும் மென்பொருள், வந்தது. நான் அதற்கு முன் வைத்திருந்த ஆண்ட்ராய்டுக்கு இரண்டாம் வருடத்தோடு எல்லாம் நின்றுவிட்டது.


காசிமேடு கரை | சனி இரவு 10.50

அது பழைய கதை சகோதரி. 2023இல் வந்த பிக்சல் 8க்கும், 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருடம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.


விம்கோ நகர் பயணி | சனி இரவு 10.58

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவை இரண்டும் விலை உயர்ந்த போன்கள். நீங்கள் கடலுக்குக் கொண்டுபோகும் விலையில் அந்த ஏழு வருடம் கிடைப்பதில்லை.


காசிமேடு கரை | சனி இரவு 11.04

சரி, அது நியாயம்தான்.


தண்டை சர்வீஸ் | ஞாயிறு காலை 7.15

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டில் எடுக்கும் பேக்கப் கூகுள் கணக்குக்குப் போகும். ஐபோன் வாட்ஸ்அப் ஆப்பிளின் ஐகிளவுடிலிருந்துதான் எடுக்கும். ஒன்றின் பேக்கப்பை மற்றது திறக்காது. பாதிப் பேர் "பேக்கப் போட்டாச்சு அண்ணே" என்று பழைய போனை அழித்துவிட்டு என்னிடம் வருவார்கள். அப்போது நான் செய்ய ஒன்றும் இருக்காது.

சரியான வழி, ஆப்பிளின் மூவ் டு ஐஓஎஸ் என்ற ஆப்பை ஆண்ட்ராய்டில் போடுவது. 2022இலிருந்து அதன் வழியாக வாட்ஸ்அப்பும் போகிறது. இதற்கு ஐபோன் புதிதாகவோ, முழுக்க அழித்த நிலையிலோ இருக்க வேண்டும். தம்பி கொடுத்ததை அப்படியே பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் மறுபடி அழித்துத்தான் ஆக வேண்டும். இரண்டையும் சார்ஜரில் போடுங்கள். முடியும்வரை ஆண்ட்ராய்டில் வேறு ஆப்பைத் திறக்காதீர்கள், திறந்தால் பாதியில் நிற்கும். ஐபோனில் அதே நம்பரில் வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும். குரல்பதிவு, போட்டோ, செய்தி எல்லாம் வரும். ஐபோனில் எல்லாம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் பழையதை ஒரு மாதத்துக்காவது அழிக்காதீர்கள்.

அக்கா விஷயத்தில் ஒரு சிக்கல். ஊதிய பேட்டரியோடு மணிக்கணக்கில் சார்ஜரில் போட்டு மாற்றுவதை நான் செய்யச் சொல்லமாட்டேன். முதலில் பேட்டரி மாற்ற வேண்டும். மாடல் நம்பர் சொல்லுங்கள், கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

அப்புறம் தம்பியிடம் இப்போதே ஒன்று சொல்லுங்கள். அவருடைய ஆப்பிள் கணக்கிலிருந்து அந்தப் போனை வெளியே எடுக்க வேண்டும், தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதியை அணைக்க வேண்டும். இல்லையென்றால் அழித்த பிறகு அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். 2013இலிருந்து இருக்கும் பூட்டு அது. நீங்கள் சொந்தத் தம்பியிடம் கேட்டு வாங்கிவிடுவீர்கள். தெரியாத ஆளிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் லாக் போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைவதை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். இதைப் படிக்கும் யாராக இருந்தாலும் செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன் *#06# போட்டு அந்தப் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருடு போனதாகத் தடுக்கப்பட்ட போன் என்றால் அதில் தெரிந்துவிடும்.


வியாசை வாசகன் | ஞாயிறு காலை 9.30

அக்கா, நான் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடம் அண்ணனின் ஐபோனை வைத்திருந்துவிட்டு ஆண்ட்ராய்டுக்கே திரும்பினேன். நீங்கள் போகும் பாதையில் எதிர்த்திசையில் வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஐபோன் எடுக்கும் போட்டோ ஹெச்இஐசி என்ற வகையில் சேமிக்கப்படும். இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் பல விண்ணப்பத் தளங்கள் ஜேபிஜி மட்டும்தான் வாங்கும். கடைசி நாளில் கையெழுத்துப் போட்டோ ஏறாமல் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் நின்றேன். அங்கிருந்த கணினியும் அதைத் திறக்கவில்லை. உங்கள் ஆரி வேலைக்காரர், பிரிண்ட் கடைக்காரர் யாராவது பழைய கணினி வைத்திருந்தால் இதே நிலைதான். செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகு எடுப்பதெல்லாம் ஜேபிஜியாக வரும். முதல் நாளே செய்துவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய ஆப் இருந்தால் அது கூட வராது. ப்ளே ஸ்டோரில் வாங்கியது ப்ளே ஸ்டோருக்குத்தான். நான் ஒரு அகராதி ஆப்பை இரண்டு முறை வாங்க வேண்டியிருந்தது.

நான் திரும்பியதற்கு முக்கியக் காரணம் எஃப்-டிராய்டு. 2010இலிருந்து இயங்கும், கட்டற்ற மென்பொருள்களுக்கான கிடங்கு அது. ஆன்டெனாபாட் என்ற பாட்காஸ்ட் ஆப்பை அதிலிருந்துதான் இறக்கினேன். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. பேசின் பிரிட்ஜில் மின்ரயில் நிற்கும் நேரமெல்லாம் அதில்தான் பாடம் கேட்கிறேன். ஐபோனில் ஆப்பிளின் கடையைத் தாண்டி ஆப் போட நம் ஊரில் வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் திறந்துவிட்டார்கள்.


பெரம்பூர் செவி | ஞாயிறு காலை 11.10

எனக்குப் பார்வை இல்லை. இரண்டு போனையும் திரைவாசிப்பானோடுதான் பயன்படுத்துகிறேன். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் வந்த செய்தியை ஒரு நண்பர் படித்துச் சொன்னபோது, கண்ணாடிப் பலகையை நாங்கள் எப்படித் தடவிப் பயன்படுத்துவது என்று வாதாடினேன். இன்று அந்தக் கண்ணாடியில்தான் இதை எழுதுகிறேன்.

மாறும்போது எங்களுக்கு விரலசைவுகள் எல்லாம் புதிதாகப் பழக வேண்டும். எனக்குப் பத்து நாள் ஆனது. பார்வை உள்ளவர்களுக்கும் ஒன்று இருக்கிறது: ஆண்ட்ராய்டில் எங்கிருந்தாலும் பின்னே போக ஒரே வழி. ஐபோனில் ஒவ்வொரு ஆப்பிலும் பின்னே போகும் இடம் மாறும். முதல் வாரம் எரிச்சல் வரும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள் அம்மா.

எந்தப் பக்கம் போனாலும் நான் முதலில் பார்ப்பது வங்கி ஆப்பைத்தான். பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருப்பார்கள். "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் வாசிக்கும். எதைத் தொட்டால் பணம் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வங்கிக்கு இதற்காக நான்கு முறை எழுதிவிட்டேன், இன்னும் சரியாகவில்லை. இங்கே ஆப் செய்பவர்கள் இருந்தால், பொத்தானுக்குப் பெயர் எழுதுங்கள். அது ஒரு வரி வேலை.


பழைய வண்ணை தையல் | ஞாயிறு மதியம் 2.40

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சரக்கு எடுப்பதை முன்கூட்டியே முடித்துக்கொள்கிறேன். வங்கி நம்பர் கடை சிம்மில் இருக்கிறது, அது பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். தம்பி கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டான். பேட்டரி மாடல் நம்பரைத் தண்டை அண்ணனுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தமிழில் எழுதுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசினால் எழுத்தாக விழும். எனக்கு அது இரண்டாவது கை மாதிரி.


விம்கோ நகர் பயணி | ஞாயிறு மதியம் 3.05

தட்டச்சுக்கு ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். 2013இல் ஐஓஎஸ் 7இல் வந்தன. ஆங்கில எழுத்தில் அம்மா என்று தட்டிப் பழகியவர் என்றால் அஞ்சல் உங்களுக்கு உடனே வரும். நான் தமிழ்99 பழகினேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்து இடக்கை, மெய் வலக்கை. ஒரு வாரம் தடுமாறினால் அப்புறம் கை தானாக ஓடும். முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற விசைப்பலகை ஆப்பும் போட்டிருக்கிறேன், அது ஆண்ட்ராய்டிலும் உண்டு என்பதால் இரண்டு போனிலும் ஒரே பழக்கம்.


தண்டை சர்வீஸ் | ஞாயிறு இரவு 8.30

அக்கா, பேட்டரி இரண்டு நாளில் வரும். அதற்குள் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது கடைக்கு வரும் பத்துப் போனில் எட்டு நோக்கியா. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியபோது நம் பக்கத்துப் பிள்ளைகளும் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். 2014இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இப்போது ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிறார்கள். இடையில் விண்டோஸ் போன் என்று ஒன்று வந்தது. நிறம் நிறமாக, கையில் பிடிக்க அழகாக இருக்கும். 2019 டிசம்பர் 31க்குப் பிறகு அதில் வாட்ஸ்அப் நின்றது. ஒரு பெரியவர், கல்மண்டபம் பக்கம் மளிகைக்கடை, ஜனவரியில் என்னிடம் வந்தார். யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆண்ட்ராய்டுக்கு மாற்ற வழி தேடி மூன்று நாள் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவர் என்மேல் கோபப்படவில்லை, "பரவாயில்ல தம்பி, குடுக்கறவன் குடுப்பான்" என்று போய்விட்டார். அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். ஐபோனா ஆண்ட்ராய்டா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் அளவுகள் வாட்ஸ்அப்புக்குள் இருக்கும்வரை, அந்த ஆப் போகும் இடத்துக்கெல்லாம் நீங்களும் இழுபட்டுப் போக வேண்டும். மாற்றும் வேலையை நான் செய்து தருகிறேன். அதற்கு முன் அளவுகளை வெளியே எடுங்கள். எந்தப் போனிலும், எந்தக் கணினியிலும் திறக்கிற ஒன்றில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்யலாம். எழுத்து டெக்ஸ்ட் ஃபைலாகவும் குரல்பதிவு தனியாகவும் வந்துவிடும். நானூறு சாட்டுக்கு அது பெரிய வேலைதான். ஆனால் ஒருமுறை வேலை.


வியாசை வாசகன் | ஞாயிறு இரவு 8.52

எக்ஸ்போர்ட் செய்தாலும் குரலில் தேட முடியாது அண்ணே. கூகுள் ஷீட்டில் ஏற்றுவது நல்லது. ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி மூன்றிலும் திறக்கும், நெட் இல்லாதபோதும் பார்க்கும்படி வைக்கலாம். ஒரு வரிசைக்கு ஒரு ஆள், ஒரு கட்டத்துக்கு ஒரு அளவு. பிறகு எக்செல்லாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்கிக்கொள்ளலாம். அக்கா, வேண்டுமென்றால் தலைப்பு வரிசையை நான் போட்டுத் தருகிறேன், என்னென்ன அளவு என்று மட்டும் சொல்லுங்கள்.


பழைய வண்ணை தையல் | ஞாயிறு இரவு 9.15

தம்பி, எழுதிக்கொள்: உயரம், ஷோல்டர், மேல்மார்பு, மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று, ஆர்ம்ஹோல், முன்கழுத்து, பின்கழுத்து, டாட் இறக்கம். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் பெரிதாக வேண்டும். ஒருவருக்கு வலது தோள் இறங்கியிருக்கும், ஒருவருக்குக் கை கொஞ்சம் தளர்வாக வேண்டும். பிளவுஸ் பொருந்துவது அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.


பழைய வண்ணை தையல் | பத்தொன்பது நாள் கழித்து, வியாழன் இரவு 10.10

கேட்டுவிட்டுக் காணாமல் போனதாக நினைக்க வேண்டாம். தினமும் கடை சாத்தியபிறகு இதே வேலை. நான் குரல்பதிவைப் போட்டுக் கேட்க, உதவிக்கு இருக்கும் பெண் ஷீட்டில் ஏற்றுவாள். ஒரு நாளைக்கு இருபத்தைந்து பேர். சிலருடைய பதிவில் பின்னால் மிஷின் சத்தம் அடித்து எண் புரியவில்லை. அப்படி முப்பத்தொரு பேர் தேறினார்கள். அவர்களுக்குப் போன் செய்து மறுபடி வரச் சொன்னேன். மூன்று பேர் இந்த ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பி வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனார். அதற்காகவே அவருக்கு ஓரம் அடித்துக் கொடுத்த கூலியை வாங்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறியாகிவிட்டது. அதைப் பிரிண்ட் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இந்த முறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி தம்பி வீட்டிலும் இருக்கிறது.

பேட்டரி மாற்றிய பிறகு தண்டை அண்ணன் கடையிலேயே உட்கார்ந்து மூவ் டு ஐஓஎஸ் ஓட்டினோம். இரண்டரை மணி நேரம் ஆனது. முதல் தடவை பாதியில் நின்றது, வீட்டிலிருந்து வந்த அழைப்பை அந்தப் போனில் எடுத்துவிட்டேன், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இரண்டாம் தடவை சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினோம், குரல்பதிவுகள் எல்லாம் வந்தன. ஜிபேயில் விம்கோ சகோதரி சொன்ன மாதிரியே மூன்று நாள் 5,000 ரூபாய் வரம்பு. லைனிங் மூட்டை முன்பே எடுத்து வைத்திருந்ததால் பாதகமில்லை. போட்டோ வகையை முதல் நாளே மாற்றினேன். கொருக்குப்பேட்டை ஆரிக்காரர் தன் கணினியில் திறந்து டிசைன் அச்செடுத்துவிட்டார்.

பழக்கத்தில் இரண்டு குறை இன்னும் இருக்கிறது. பின்னே போக விரல் வலப்பக்கமே போகிறது. அப்புறம் சார்ஜர். வீட்டில் எல்லோருக்கும் சி டைப், இதற்கு மட்டும் அந்த லைட்னிங் கேபிள் தனி. ஐபோன் 15இலிருந்துதான் சி டைப் ஆக்கினார்களாம். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

பழைய ஆண்ட்ராய்டை விடவில்லை. அதிலும் ஷீட் திறக்கிறது. அளவு எடுக்கும்போது அதைப் பக்கத்தில் வைத்து ஜிபோர்டில் தமிழில் பேசினால் நேராகக் கட்டத்திலேயே விழுகிறது. போட்டோவுக்கும் வாடிக்கையாளரிடம் பேசவும் ஐபோன், அளவுக்கு ஆண்ட்ராய்டு என்று ஆகிவிட்டது. நேற்று ஒருவர் இரண்டு வருடம் கழித்து வந்தார். பெயரைத் தட்டினேன், குறிப்புக் கட்டத்தில் "இடது தோள் கால் இன்ச் இறக்கம்" என்று நின்றது. "இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?" என்று கேட்டார்.


காசிமேடு கரை | வியாழன் இரவு 10.31

அக்கா, அந்த ஷீட் மாதிரி படகுக் கணக்குக்கும் ஒன்று வேண்டும். டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாம் இப்போது என் வாட்ஸ்அப்பில்தான் கிடக்கிறது. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலத்தில் சும்மா இருப்பேன், அப்போது உட்கார்ந்து ஏற்றலாம். வியாசை தம்பி, உதவ முடியுமா?


வியாசை வாசகன் | வியாழன் இரவு 10.40

தாராளமாக அண்ணா. என்னென்ன கட்டம் வேண்டும் என்று எழுதுங்கள். பங்கு பிரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, அதை மட்டும் விளக்கமாகச் சொல்லுங்கள்.